கொம்பியூட்டர் சாகவில்லை, மூச்சுத்தான் முட்டுகிறது

ஊரில் பாடசாலை பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வசனம் தவறாமல் வருகிறது: "கொம்பியூட்டரெல்லாம் பழசாப் போச்சு, புதுசு வாங்கிக் குடுக்கணும்." பாடசாலை அபிவிருத்திக் குழுவிலும் இதுதான், பழைய மாணவர் சங்கத்திலும் இதுதான், கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் நம் சகோதரர்களின் வட்ஸ்அப் குழுக்களிலும் இதுதான்.

கொம்பியூட்டர் படிப்பிக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் இதை மறுக்கிறோம். "கண்டம்" என்று எழுதி மூலையில் அடுக்கப்படும் மெஷின்களில் எல்லாமே செத்தவை அல்ல. சூட்டில் மூச்சு முட்டி நிற்பவையும் அவற்றுள் இருக்கின்றன. திறந்து பார்க்காமலேயே மரணச் சான்றிதழ் எழுதுகிறோம்.

புரொசசர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. நம் பாடசாலைகளில் இன்னும் ஓடும் கோர் 2 டுவோ, பழைய கோர் ஐ3 போன்றவற்றில் பல 65 வாட் வகை. அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுக் கை சுட்டவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். அத்தனை சூடும் நகமளவான ஒரு சில்லில் பிறக்கிறது. அதை பேஸ்ட் வாங்கி ஹீட்சிங்குக்குக் கொடுக்க, பேன் காற்றடித்து வெளியே தள்ளுகிறது. பேஸ்ட் காய்ந்தாலும், ஹீட்சிங்கின் இடுக்கில் தூசி அடைத்தாலும், பேன் சுற்றாவிட்டாலும் சூடு உள்ளேயே தங்கும்.

எல்லை மாதிரிக்கு மாதிரி மாறும். பல இன்டெல் புரொசசர்களில் அது 100 பாகை செல்சியஸ் அளவு. அதை நெருங்கும்போது புரொசசர் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அப்படியும் அடங்காவிட்டால் மெஷினையே நிறுத்திவிடும். "ஸ்லோ", "தானா ஓஃப் ஆகுது" என்று நாம் திட்டுவது பல வேளை இந்தத் தற்காப்பைத்தான்.

இனி நமது அறைகளைப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் சூடும் ஒன்றாக உள்ளே வரும். அதற்குப் பயந்து யன்னலை இறுக்கிப் பூட்டுகிறோம். மெஷினைக் கதவு வைத்த மேசைப் பெட்டிக்குள் தள்ளுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும்போதே பூப்போட்ட துணியால் மூடியும் வைக்கிறோம். அறை 34 பாகையில் இருந்தால், எந்தப் பேனாலும் புரொசசரை அதற்குக் கீழே கொண்டுவர முடியாது. இத்தனையும் செய்துவிட்டு மெஷினைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

அடுத்தது, மூடியைக் கழற்றாமலேயே "மதர்போர்ட் போயிட்டு" என்று சொல்லும் வைத்தியர்கள். நேர்மையாக உழைக்கும் திருத்துநர்கள் ஊரில் இருக்கிறார்கள், இது அவர்களுக்கல்ல. ஆனால் யாராவது அப்படிச் சொன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள்: சூடு எத்தனை பாகை? பேன் நிமிடத்துக்கு எத்தனை சுற்று? பல மெஷின்களில் பயோஸுக்குள் போனால் இரண்டும் திரையிலேயே தெரியும். இதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவரிடம் பொதுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சூடுதானா என்று பிடிப்பதும் கஷ்டமில்லை. போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நின்று, அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடினால், முதல் சந்தேகம் சூட்டில்தான். போடும்போது "சிபியு பேன் எரர்" என்று வந்தால் பேனைப் பாருங்கள். மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அது வேறு நோய். அதற்குத் துப்புரவு மருந்தல்ல.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிளக்கைக் கழற்றுங்கள். பேன் இதழை விரலால் பிடித்துக்கொண்டு பிளோவரால் ஊதுங்கள். கண்டபடி சுழலவிட்டால் பேன் பழுதாகலாம். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். ஹீட்சிங்கைக் கழற்றி, காய்ந்த பேஸ்ட்டை ஐசோபுரொபைல் அல்கஹோலால் துடைத்து, பட்டாணியளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். அதிகம் பூசினால் அதிகம் குளிராது. இன்டெல் பெட்டியோடு வரும் பேனின் நான்கு பின்களையும் குறுக்குக் குறுக்காக அழுத்திப் பூட்டுங்கள். ஒன்று இறங்காவிட்டாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கி நின்று, செய்த வேலை முழுவதும் வீணாகும்.

"ஆசிரியர் என்ன மெக்கானிக்கா?" என்று கேட்பார்கள். இல்லை. ஆனால் கொம்பியூட்டரின் உறுப்புகளைக் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கும் பாடம் இது. உயர்தர மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்தால் அதுவே செய்முறைப் பாடம். "அரசாங்கச் சொத்து, திறந்தால் பொறுப்பு யாருக்கு?" என்பது நியாயமான கேள்வி. அதிபரின் எழுத்து மூல அனுமதி எடுங்கள், என்ன செய்தோம் என்று பதிவேட்டில் எழுதுங்கள், உத்தரவாதக் காலம் முடியாத மெஷினைத் தொடாதீர்கள். பொறுப்புக்குப் பயந்து பூட்டிவைத்த அறையில் பாழாவதும் அதே அரசாங்கச் சொத்துத்தான்.

தனவந்தர்களுக்கும் ஒரு வார்த்தை. புது மெஷின் தரும் உங்கள் மனது பெரியது. ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது கொம்பியூட்டர் விலை என்னவானது என்று உங்களுக்கே தெரியும். ஒரு டியூப் பேஸ்ட் புது மெஷின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பேஸ்ட்டுக்கு பெனர் கட்ட முடியாது, ரிபன் வெட்ட முடியாது என்பதுதான் அதன் ஒரே குறை. தூசி தட்ட ஆளில்லாத அறைக்குள் புதுசைக் கொண்டுவந்து வைத்தால் அதற்கும் இதே கதிதான்.

இதில் நட்டப்படுவது யார்? வீட்டில் லெப்டொப் உள்ள பிள்ளையல்ல. ஒரு மெஷினுக்கு முன்னால் ஆறு பேராக நின்று, மௌசைத் தொட முறை வருமுன் மணியடித்துவிடும் பிள்ளைதான். சாதாரண தரப் பரீட்சைக்கு அந்தப் பிள்ளையும் இதே பாடத்தை எழுதுகிறது. மூலையில் அடுக்கியதில் இரண்டு மெஷின் உயிர்த்தாலும் வரிசை குறையும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. திறந்து பார்த்து, காரணம் எழுதாமல் எந்த மெஷினையும் கண்டம் பண்ணாதீர்கள். தவணைக்கு ஒரு சனிக்கிழமையைத் துப்புரவுக்கு ஒதுக்குங்கள். அடுத்த அன்பளிப்புக் கூட்டத்தில், புதுசு கேட்கு முன் இருப்பது எத்தனை, ஓடுவது எத்தனை என்ற கணக்கைக் கேளுங்கள்.

பிளோவர் வைத்திருப்பவர்கள், இந்த வேலை தெரிந்த இளைஞர்கள், கீழே பெயரைப் போடுங்கள். பேஸ்ட்டும் தேநீரும் எங்கள் பொறுப்பு.