நான்கு மணி நேரப் பயணமா?

புதுக்கோட்டையில் சென்னைக்கு இரயிலேறினால் ஓரிரவு கழிய வேண்டும். திருச்சியில் விமானம் ஏறினால், ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர்! துபாய்க்கும் அவ்வளவுதான், இரண்டும் திருச்சியிலிருந்து கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். 'ரஜூலா' கப்பலில் நம் முன்னோர் நாள்கணக்கில் கடலில் தவித்ததை நினைத்தால், இது விஞ்ஞானத்தின் வெற்றி. வரவேற்கிறோம்.

ஆனால், பாட்டாளி கடக்கும் தூரம் அதுதானா?

அவன் பயணம் தொடங்குவது விமான நிலையத்தில் அல்ல; அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ, தரகர் வீட்டுத் திண்ணையில். அடகுக்குப் போன தாலி, எழுதிக் கொடுத்த காணி, வட்டிக்கு வாங்கிய இலட்சங்கள் — இவை மீளும்வரை அவன் ஊர் திரும்ப முடியாது. பறப்பது நான்கு மணி. கடன் தீர நான்கு ஆண்டும் போதாது! தாய் இறந்த செய்தி நொடியில் போய்ச் சேருகிறது. மகன் வந்து சேர முடிகிறதா?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். பதிவு பெற்ற முகவரும் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம். பிறகு, இலட்சங்களைக் கறப்பவர்கள் நடமாடுவது எப்படி? அதிகாரிகளைக் கேட்கிறோம்.

கிளைத் தோழர்களே! உங்கள் ஊரிலிருந்து புறப்படும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: முகவரின் பதிவு எண் என்ன? பணத்துக்கு இரசீது எங்கே? ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு? விடை இல்லையேல், விமானம் ஏறுமுன் தடுத்து நிறுத்துங்கள். ஏறியபின் நம் கை எட்டாது!