ஊஞ்சலும் ஊன்றுகோலும்



மனைப்பிரிவுப் பூங்காக்களில் இன்று ஊஞ்சலும் சறுக்குமரமும் வழக்காகின்றன. இரைச்சல் பொறாத முதியோர் ஒருபுறம். வாடகைக்கு இருப்போரின் பிள்ளைகள் அதில் ஏறலாகாது என்போர் மறுபுறம்.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (919, 921) எண்ணிப் பாருங்கள். ஏரிக்கும் தோட்டத்திற்கும் தனித்தனி வாரியங்கள், குடவோலையால் தேர்வு, கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை. குரல் உயர்ந்தவர் அல்ல, எழுதிய முறையே பொதுச்சொத்தை ஆண்டது. அம்முறையைக் கைக்கொள்வோம்: விளையாடும் நேரத்தையும் பழுதுபார்க்கும் பொறுப்பையும் எழுதி வைப்போம்.

ஆயினும், நிலமும் சொந்த மனையும் உடையோரே அவ்வாரியங்களில் அமர முடிந்தது. அக்குறையை நாம் ஊஞ்சல்வரை நீட்டலாகாது.

சகரியா 8:4-5ஐ வாசியுங்கள். மீட்கப்பட்ட நகரத்தின் வீதியில் கோலூன்றிய முதியோரும் விளையாடும் பிள்ளைகளும் ஒருங்கே இருக்கிறார்கள். அங்கே எவரும் யாருடைய பிள்ளையென்று கேட்கவில்லை. ஊஞ்சலைப் பூட்டுமுன் இதைச் சிந்திப்பீர்களா?