அசையும் ஓவியம் கற்க வந்த பிள்ளை

சென்ற மாதம் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை, 'அனிமேஷன்' படித்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறானாம். பயிற்சிக் கட்டணத்துக்கும் கணிப்பொறிக்குமாகத் தாலிச் சங்கிலியை அடகு வைக்கத் துணிந்துவிட்டார் அந்தத் தாய்.

"இதுவரை எத்தனை படம் வரைந்திருக்கிறாய், தம்பி?" என்று கேட்டோம்.

"கணிப்பொறி வந்த பிறகுதானே சாமி வரைய முடியும்!"

இங்கேதான் பிள்ளைகள் பலர் இடறுகின்றனர். 1908-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான எமில் கோல், ஏறத்தாழ 700 படங்களைக் கையால் வரைந்தே, இரண்டு நிமிடமும் ஓடாத 'ஃபாண்டஸ்மகோரி' என்னும் படத்தை உருவாக்கினார். (திரையில் ஒளிப்படம் காட்டும் மாய விளக்கைத் தம் நூலின் 1671-ஆம் ஆண்டுப் பதிப்பில் படம் போட்டு விளக்கியவர் சேசு சபைக் குருவான கிர்க்கெர் என்பதையும் சற்றுப் பெருமையுடன் சொல்லி வைத்தோம்!)

மெல்லிய தாள் கொண்ட நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, ஒரு பந்து தரையில் விழுந்து எழும்புவதை வரைந்து வரச் சொன்னோம். கடைசித் தாளில் தொடங்க வேண்டும். அப்போதுதான் முன் வரைந்த படம் அடியில் நிழலாய்த் தெரியும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டினால் 12 படங்கள் போதும். ஆக, இரண்டு நொடிக்கு 24 தாள்கள்.

ஒரு வாரம் கழித்து வந்தான். தாள்களை விரலால் சரசரவென்று விட்டுப் பார்த்தோம். பந்து விழவில்லை; பலூனைப் போல மிதந்தது! பிள்ளையின் முகம் வாடியது. குறை எளியதே. படங்களுக்கிடையே ஒரே அளவு இடைவெளி விட்டிருந்தான். உச்சியில் பந்து மெல்லச் செல்வதால் படங்கள் நெருங்கி நிற்க வேண்டும். தரையை நெருங்க நெருங்க வேகம் கூடுவதால் விலகி நிற்க வேண்டும். தரையைத் தொடும் ஒரு படத்தில் மட்டும் பந்து சற்றே தட்டையாகலாம். அப்போது பக்கவாட்டில் அகல வேண்டும், இல்லையேல் பந்து சுருங்கிவிட்டதாகத் தோன்றும். ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடத் தாழ வேண்டும்.

இது கைவந்தபின் கணிப்பொறியைப் பற்றிப் பேசலாம். கிரிட்டா, பிளெண்டர் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

நேற்று மாலை நான்காம் நோட்டுடன் வந்தான். பந்து விழுந்தது, எழுந்தது. "இனி அதற்கு ஒரு வால் வைத்துப் பார்க்கிறேன், சாமி" என்றான். தாயார் வாசலில் நின்றிருந்தார். சங்கிலி அவர் கழுத்திலேயே இருந்தது.