ஒரு விளக்கும் 96 ஆடுகளும்

நல்லம்பள்ளியை அடுத்த அதியமான்கோட்டையில், தேய்பிறை அஷ்டமியன்று காலபைரவர் சந்நிதியில் அன்பர்கள் சாம்பல் பூசணியில் தீபமேற்றி வழிபடுகின்றனர். அவரவர் தீபம் அவரவர் பொறுப்பு. அல்லும் பகலும் அணையாத நந்தா விளக்குக்கோ பலர் கைகள் ஒன்றுசேர வேண்டும்.

தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராஜராஜ சோழர் அதற்கு வகுத்த முறையைக் கல்வெட்டுகள் உரைக்கின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மெய்காவலரை அனுப்புவதும், அவர்களுக்கு நெல் அளப்பதும் ஊர்ச்சபைகளின் கடன். தளிச்சேரிப் பெண்டிர் 400 பேருக்குத் தலைக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். பணியாளர் ஒருவர் மறைந்தால்? நெருங்கிய உறவினர் அப்பணியை ஏற்பார். தமக்குத் தகுதியில்லையேல் தகுதியுடையாரைத் தேர்ந்து அமர்த்துவார். உறவென்பதற்காகத் தகுதியை விட்டுக்கொடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மன்னர் பெயர் பொறித்த அக்கற்களிலேயே நெய்யளந்த இடையர்களின் பெயர்களும் இடம்பெற்றுள்ளன.