கண்ணுக்குள் ஓர் ஒழுகல்

மழைக் காலத்தில் கூடத்து மூலையில் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழுகிறது. அடியில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறோம். சொட்டுகிற இடம் தெரிகிறது. மாடியில் விரிசல் எங்கே என்பது தெரிவதில்லை. கொத்தனார் வந்து நாலு இடத்தில் கொத்திப் பார்க்கிறார்!

மறைவான ஒழுகலைக் காட்டிக் கொடுக்கும் சாயம் ஒன்று உண்டு, தெரியுமோ? அதன் பெயர் ப்ளோரஸீன். 1871-ல் ஜெர்மன் ரசாயன நிபுணர் அடால்ப் வான் பேயர் தயாரித்தது. பொடியாக இருக்கும்போது செங்கல் நிறம். நீரில் கரைத்து வெளிச்சத்தில் பிடித்தால் பளீரென்று பச்சையாக ஒளிரும். நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சை ஒளியாகத் திருப்பித் தருவது அதன் குணம்.

ஜெர்மனியில் இம்மென்டிங்கன் என்ற ஊருக்கருகே டான்யூப் நதியின் நீர் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளில் இறங்கி மறைகிறது. அது எங்கே போகிறது? 1877-ல் சுமார் 10 கிலோ சாயத்தை அங்கே கொட்டினார்கள். ஏறக்குறைய 60 மணி நேரம் கழித்து, 12 கிலோ மீட்டருக்கு அப்பால் ஆக் நதியின் ஊற்று பச்சைப் பசேலென்று பொங்கிற்று! கருங்கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர் ரைன் நதிக்குப் போய்க்கொண்டிருந்த களவு அம்பலமாயிற்று.

இதே சாயம் கண் டாக்டரிடமும் இருக்கிறது. கண்ணில் தூசி உறுத்துகிறதென்று போனால், சாயம் தோய்ந்த காகிதத் துண்டை இமைக்குள் தொட்டுவிட்டு நீல விளக்கில் பார்ப்பார். கருவிழியில் கீறல் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக மின்னும்.

இன்னும் பெரிய உபயோகம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் இண்டியானா சர்வகலாசாலையின் வைத்திய மாணவர்களான நோவாட்னி, ஆல்விஸ் இருவரும் 1961-ல் அதை வெளியிட்டார்கள். கை நரம்பில் சாயத்தை ஊசி மூலம் செலுத்தினால், சில விநாடிகளில் அது ரத்தத்தோடு கண்ணை எட்டிவிடும். நீல ஒளியில் வரிசையாகப் படமெடுத்தால், விழித்திரையின் ரத்தக் குழாய் எங்கே கசிகிறது என்பது பளிச்சென்று தெரியும். பிறகு ஒரு நாள் சருமமும் சிறுநீரும் மஞ்சளாக இருக்கும், பயப்பட வேண்டாம். சிலருக்குக் குமட்டும். ஒவ்வாமையோ கர்ப்பமோ இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கசிவு நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம். அது வலிக்காது, ஆரம்பத்தில் பார்வையும் மங்காது. அதுதான் ஆபத்து. காலத்தில் கண்டுபிடித்தால் லேஸர் சிகிச்சையாலும் ஊசி மருந்தாலும் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். எல்லோருக்கும் சாயப் பரிசோதனை தேவையில்லை. வருஷத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தாலே, மேற்கொண்டு எது வேண்டுமென்று டாக்டர் சொல்லிவிடுவார்.

வீட்டில் எல்லோருக்கும் நேரம் பார்த்து மருந்து கொடுக்கிறவர் நீங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருந்தால், "எனக்குத்தான் ஊசியில் நூல் கோக்க வருகிறதே!" என்று இருந்துவிடாதீர்கள். கூடத்தில் சொட்டுகிற வரையில் மாடி விரிசல் யாருக்குத் தெரிகிறது?