தாம்பரம் பக்கம் பாரு

சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்று நாகர்கோவிலில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "தாம்பரம் பக்கம் பாரு மக்கா." கேட்ட பையனின் அலுவலகம் பெருங்குடியில் இருக்கலாம், அம்பத்தூரில் இருக்கலாம். அதையெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. சென்னையைக் கண்ணால் பார்த்திராத பாட்டியும் தாம்பரம் என்றுதான் சொல்வாள். ஊருக்கு வரப்போகச் சௌகரியம் என்று காரணமும் சொல்வாள்.

இதைக் கேட்டு, சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிரிப்பார்கள். வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பதுதானே முறை? பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் கோயில் கொடைக்கும் ஊருக்குப் போவதற்காக யாராவது தினமும் பஸ்ஸில் தொங்குவார்களா? நியாயம் அவர்கள் பக்கம் இருப்பதுபோலத்தான் தெரியும். நான் பாட்டி பக்கம்.

நமக்கு மெட்ராஸ் பழைய உறவு இல்லை. 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலைச் சுற்றிய நம் நாஞ்சில் நாட்டுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் தூரம். காலேஜ், சர்க்கார் உத்தியோகம் எல்லாம் அங்கே. சாலைக் கடைத்தெருவில் தமிழ்க் கடைகள் உண்டு, தங்குவதற்கு ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள். மாநில எல்லை மாறி நாம் மெட்ராஸோடு சேர்ந்ததும் தலைநகரம் எழுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. போக ரயில்கூடக் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து நமக்குத் தண்டவாளம் வந்தது 1979-இல், திருநெல்வேலியோடு இணைந்தது 1981-இல். அதுவரை மெட்ராஸ் போகிறவர் பெட்டியோடு பஸ் ஏறி, திருநெல்வேலியில் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். சினிமாவில் ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன்போல முன்பே போய்க் கொடி நாட்டியவர்கள் உண்டு, அவர்கள் கதை வேறு. எழுபதுகளில் வேலை தேடிக் கிளம்பிய வீரநாராயணமங்கலத்து எழுத்தாளர் நாஞ்சில் நாடன் பம்பாய்க்கு அல்லவா போனார்.

ஆகவே மெட்ராஸுக்கு நாம் பிந்தி வந்தவர்கள். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் இடம் பிடிக்க வேண்டியவர்கள் எப்போதோ பிடித்துவிட்டார்கள். நமக்கு மிச்சம் இருந்தது தெற்கு ஓரம். அது நல்ல ஓரம் என்பதுதான் நம் அதிர்ஷ்டம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அந்த ரயிலை நம்பித்தான் நடுத்தரச் சம்பளக்காரர்கள் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று தண்டவாளத்தை ஒட்டியே குடியேறினார்கள். 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரியும் தாம்பரத்துக்கு இடம் மாறியது. நம் ஊர்ப் பிள்ளைகள் மேற்படிப்புக்கென்று அங்கே போய், அந்தப் பக்கமே தங்கிப்போனதும் உண்டு.

இன்று கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் அனந்தபுரியும் தாம்பரத்தில் நின்று போகின்றன. முன்பதிவே இல்லாத அந்த்யோதயா அங்கேதான் புறப்படுகிறது. 2024 ஆகஸ்ட் 31-இல் தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத்துக்கும் அங்கே நிறுத்தம் உண்டு. 2023 டிசம்பர் 30-இல் தாம்பரத்துக்குத் தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகளும் கோயம்பேட்டை விட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டன. அண்ணா நகரில் குடியிருக்கிற நம் ஊர்க்காரர் இதைச் சொல்லிப் புலம்பாத நாள் இல்லை. தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர்க்காரர் அந்தப் புலம்பலைக் கேட்டு, வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்கிறார்.

ஊருக்குப் போகிற வழி என்பது பண்டிகைக்காக மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் போய் நின்று பாருங்கள். சம்பா அரிசி, தேங்காய், வீட்டில் ஆட்டிய எண்ணெய், ஏத்தங்காய் வத்தல், மட்டிப்பழக் குலை, மூன்று கவரில் சுற்றிய கருவாடு எல்லாம் சாக்கில் ஏறும். புதிதாய்க் குடித்தனம் வைத்த பிள்ளையின் சம்பளத்தில் அந்தச் சாக்கு கணிசமான தொகையை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு அதிகாலையில் இறங்கி, இன்னொரு பஸ், ஒரு ஆட்டோ என்று மாறிப் பாருங்கள், மிச்சம் பிடித்தது ஆட்டோக்காரருக்குப் போய்விடும். அப்புறம், நடுராத்திரியில் ஊரிலிருந்து வரும் போன். அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால் கிடைத்த வண்டியில் ஏறுகிற தூரத்தில் இருக்க வேண்டாமா? பாட்டி சொல்லாமல் சொல்வது இதைத்தான்.

வாடகைக்கு வருவோம். நாகர்கோவிலில் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கிடைக்கிற இரண்டு படுக்கையறை வீடு பழைய மகாபலிபுரம் சாலையில் இருபதாயிரத்தைத் தாண்டும். அதுவும் அடிவாடகைதான். மேலே மெயின்டனன்ஸ் வரும், தண்ணீர் லாரிக்குப் பங்கு வரும், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை போகும். முதல் நூறு யூனிட் மின்சாரத்தை அரசு இலவசமாகக் கொடுத்தாலும், யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று முதல் யூனிட்டிலிருந்தே வசூலிக்கும் ஓனர்களும் இருக்கிறார்கள். முன்பணம் பத்து மாத வாடகை என்று வாய்கூசாமல் கேட்பவர்கள் உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. "வேறு மாதிரி ஒப்பந்தம்" என்று ஒரு வாசலைத் திறந்துவைத்து விட்டதால், எல்லா ஓனரும் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். இருந்தாலும் சட்டத்தைச் சொல்லிப் பேசிப் பாருங்கள், பத்து ஆறாகக் குறையலாம்.

மலிவாக ஒரு வீடு அகப்பட்டால் சந்தோஷப்படும் முன் அது ஏன் மலிவு என்று கேட்க வேண்டும். இதில் நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குளம் எங்கே, மறுகால் எந்தப் பக்கம் பாயும், வயல் எவ்வளவு தாழ்வு என்று பார்த்தே வளர்ந்தவன். ஆனால் சென்னையில் ஐந்தாவது மாடி பால்கனியைக் காட்டியதும் அதெல்லாம் மறந்துவிடுகிறது. 2022-இல் ராம்சார் என்ற சர்வதேசச் சதுப்புநிலப் பட்டியலில் தமிழ்நாட்டின் பல இடங்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று நம் சுசீந்திரம்-தேரூர் குளங்கள், இன்னொன்று பள்ளிக்கரணை. தேரூர் குளத்துக்குள் வீடு வாடகைக்கு என்றால் நாம் சிரிப்போம். பள்ளிக்கரணையில் சதுப்பின் பெரும்பகுதியைத் தூர்த்து எழும்பிய கட்டடங்களுக்கு முன்பணம் கொடுக்க வரிசையில் நிற்கிறோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மிதந்தன. முடிச்சூர் தாம்பரத்தை ஒட்டியதுதான், அதனால் பாட்டியின் அறிவுரையையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்க முடியாது.

வெள்ளம் ஒரு பக்கம் என்றால் வறட்சி மறுபக்கம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தந்த ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சில கம்பெனிகள் சொன்னது அந்த ஜூன் மாதம்தான், கொரோனாவுக்கு முன்பே. கொல்லையில் கிணறு உள்ள வீட்டிலிருந்து போகிற பிள்ளைக்கு, போர் தண்ணீரா லாரியா என்று ஓனரிடம் கேட்கத் தோன்றுவதே இல்லை.

இனி ஆளைச் சேர்த்துக்கொள்கிற விஷயம். என் தங்கை மகளுக்கு வேலை கிடைத்து, அவளும் தோழியுமாக வீடு தேடியபோது துணைக்கு நானும் போயிருந்தேன். மேடவாக்கம் பக்கம் ஒரு வீடு, காற்றோட்டமாக இருந்தது, வாடகையும் கட்டுப்படியாகும்போல இருந்தது. ஓனர் பேச ஆரம்பித்தார்.

"எந்த ஊரு?"

"நாகர்கோவில்."

"ஓ, கேரளா சைடா?"

"இல்ல சார், கன்னியாகுமரி மாவட்டம்."

"சரி சரி. சாப்பாடெல்லாம் எப்படிம்மா?"

நேரடியாகக் கேட்காமல் இப்படி இழுத்துக் கேட்பதுதான் அங்கே மரியாதை. இவள் மரியாதை தெரியாதவள். "மீன் இல்லாம எறங்காது சார்" என்றாள். பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். இதுவரை சொல்லி அனுப்பவில்லை.

அடுத்து சேலையூரில் ஒரு மாடி. ஓனரம்மா மார்த்தாண்டத்துக்காரர், சென்னைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம், பேச்சு மட்டும் குழித்துறை ஆற்றைத் தாண்டவே இல்லை. "நம்ம ஊரு பிள்ளையா? வா மக்ளே, இரி" என்று காப்பி போட்டார். பேரம் பேசாமலே ஐந்நூறு குறைத்தார். ஊருக்குப் போய் வரும்போது கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கு கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. படியிறங்கும்போது அவர் சொன்ன இன்னொரு வாக்கியத்தையும் இங்கே எழுதத்தான் வேண்டும். "காலைல ஒரு பையன் வந்தான், நல்ல பையன்தான். வடக்க எங்கயோ உள்ளவன். நமக்கு ஆளு தெரியண்டாமா? இல்லைன்னுட்டேன்."

எங்களுக்குத் திறந்த கதவு அந்தப் பையனுக்கு மூடிய கதவு. மேடவாக்கத்து ஓனர் எங்களுக்குச் செய்ததைத்தான் எங்கள் ஊர் அம்மா அவனுக்குச் செய்திருக்கிறார். அந்த அம்மா எனக்கு நல்லவராகவும் மேடவாக்கத்துக்காரர் கெட்டவராகவும் தெரிவதற்கு நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது தவிர வேறு காரணம் இல்லை.

இப்படி அவரவர் ஆளைத் தேடி அவரவர் போவதால்தான் நகரம் துண்டு துண்டாக ஆகிறது. வடசென்னையில் மணலி புதுநகரில், நம் பக்கத்து அய்யா வைகுண்டரின் வழிபாட்டிடமான தர்மபதி இருக்கிறது. புரட்டாசித் திருவிழாவுக்கு அங்கே போனால் தென்பாண்டிப் பேச்சாகத்தான் காதில் விழும். கோயிலையோ சர்ச்சையோ பள்ளிவாசலையோ சுற்றிக் குடியேறுவது புது ஊரில் தைரியம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். கஷ்டம் எங்கே வருகிறதென்றால், கூட்டமே இல்லாதவனுக்கும், எந்தக் கூட்டமும் வேண்டாமென்று ஒதுக்குகிறவனுக்கும். தில்லி சுற்றுவட்டாரத்தில் வீடு தேடுகிறவர்களைப் பற்றிச் சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வசதி இருந்தும், பெயரைக் கேட்டதும் தலித்துகளுக்கு மறுப்பு அதிகம், முஸ்லிம்களுக்கு அதைவிட அதிகம். சிங்கப்பூரில் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் ஒரு கட்டடத்தில் எந்த இனம் எத்தனை வீடு வரை இருக்கலாம் என்று 1989-இலிருந்து உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். கலந்து இருக்கச் சொன்னால் மனிதர்கள் தாங்களாகக் கலப்பதில்லை என்று அந்த அரசுக்குத் தெரிந்திருக்கிறது.

சென்னை ஓனர்களைப் பற்றி நாம் பேசுகிற பேச்சுக்கு நம் ஊரையும் ஒருமுறை பார்க்கலாம். நாகர்கோவிலிலும் வெளியூர் நர்சுகள் வீடு தேடுகிறார்கள், கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தேடுகிறார்கள். நாம் "சாப்பாடு எப்படி" என்று கேட்பதில்லை, மீன் தின்கிற ஊராச்சே. நம் கேள்வி வேறு. "சொந்த ஊரு எங்க? அங்க யாரத் தெரியும்?" பதில் திருப்தி தராவிட்டால் "கோயிலுக்கா, சர்ச்சுக்கா?" சர்ச் என்றால் "எந்தச் சபை?" நாலே கேள்வியில் ஆளின் ஏழு தலைமுறையை எடுத்துவிடுவோம். மேடவாக்கத்து ஓனரின் இழுவைகூட நமக்கு வேண்டியதில்லை.

இந்த மாவட்டத்தில் தெருவுக்கு நாலு மாடி பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் தாம்பரத்திலும் இருக்கிறார்கள், கீழே இரண்டு வயசாளிகள்.  அப்படி ஒரு மாடி உங்களிடம் இருந்தால், அடுத்து யார் வந்து கேட்டாலும் என்ன வேலை, எத்தனை பேர், வாடகை எந்தத் தேதியில் தருவீர்கள் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து சாவியைக் கொடுங்கள்.