கடைசி பெஞ்சுக்கு ஒரு தாமதமான பதில்



"இந்த எக்ஸ், ஒய், இசட் எல்லாம் எதுக்கு சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டவர்கள் உண்டு. "பரீட்சைக்கு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். சரியான பதில், ஓய்வுபெற்ற பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கிடைத்தது.

என் அண்ணனுக்கு 76 வயது. பல வருஷப் பீடிப் பழக்கம். போன வருஷம் நுரையீரலில் சின்னக் கட்டி. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை, பரவவில்லை. அவருடைய மூச்சுக்கு ஆபரேஷன் தாங்காது என்ற டாக்டர், "ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சு கொடுக்கலாம், 5 தடவை போதும்" என்றார்.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு பேச்சு. "கரண்ட் வச்சா உடம்பு வெந்துடும்." "இந்த வயசுல எதுக்கு இம்சை?" இப்படியே 6 வாரம் போயிற்று. அண்ணனை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவரிடம் "நெஞ்சுச் சளி" என்று சொல்லிவைத்திருந்தோம். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

விஷயம் இவ்வளவுதான். இருட்டு வகுப்பறையில் ஐம்பது பேர் ஐம்பது இடத்திலிருந்து கரும்பலகையின் ஒரே புள்ளிக்கு டார்ச் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒளியும் மங்கல்தான். சேரும் புள்ளி மட்டும் பளீரென்று இருக்கும். அதேபோல, பல திசைகளிலிருந்து வரும் கதிர்கள் வழியில் உள்ள உறுப்புகளுக்குக் கொஞ்சமாகவும் கட்டிக்கு மொத்தமாகவும் சேருகின்றன. அதற்குக் கட்டி இருக்கும் இடம் மில்லிமீட்டர் கணக்கில் தெரிய வேண்டும். அங்கேதான் நம் எக்ஸ், ஒய், இசட் வருகிறது! நுரையீரல் மூச்சோடு அசையும் என்பதால், அந்த அசைவையும் ஸ்கேனில் அளந்துகொள்கிறார்கள்.

மூளைக்காக இந்த முறையை 1951இல் முன்வைத்தவர் ஸ்வீடன் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்ஸெல். பின்னர் அவர் உருவாக்கிய காமா நைஃப் கருவியில் பெயரில்தான் கத்தி. கோபால்ட் கதிர்கள்தான் வேலை செய்கின்றன. வழக்கமான கதிர்வீச்சு பல வாரம் நீளும். இது பெரும்பாலும் 1 முதல் 5 தடவையில் முடியும். கொடுக்கும்போது வலி இல்லை. வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம். உடம்பில் கதிர்வீச்சு ஒட்டிக்கொண்டு வராது.

அதற்காக இது மந்திரக்கோல் என்று நான் சொல்லவில்லை. பெரிய கட்டிக்கும், உடம்பெங்கும் பரவிய நோய்க்கும், குடல் போன்ற மென்மையான உறுப்பை ஒட்டிய கட்டிக்கும் பல நேரம் பொருந்தாது. சோர்வு வரும். சிலருக்கு நுரையீரல் அழற்சியோ, பின்னாளில் விலா எலும்பு முறிவோ வரலாம். ஆகவே "புது மெஷின் எங்கே இருக்கு?" என்று விளம்பரத்தைப் பார்த்து ஓடாதீர்கள். "எங்கள் நோயாளிக்கு இது பொருந்துமா? ஏன்? வேறு வழி என்ன? செலவு எவ்வளவு, காப்பீட்டில் வருமா?" என்று கேளுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், நோயாளியைக் கேளுங்கள்.

கடைசியில் நான்தான் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேடா. நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார். மறுநாளே கிளம்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. "தொடர்ந்து பார்க்கணும்" என்கிறார் டாக்டர். பார்க்கிறோம். அந்த 6 வாரத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு 6 வாரம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதினேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்